எந்தப் பனியை வரைவது?

கடந்த டிசம்பர் முதல் வாரத்தில், கிறிஸ்துமஸ் விழாவையொட்டி நம் பள்ளியில் ஓவியப் போட்டி நடந்தது. கரும்பலகையில் தலைப்பை எழுதினார்கள்: 'பனிக்காலக் காட்சி.' நேரம் ஒன்றரை மணி. நாங்கள் எல்லோரும் ஆர்வத்துடன் வண்ணப் பெட்டிகளைத் திறந்தோம். அப்போது கார்த்திகை மாதம். சன்னலுக்கு வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. மைதானத்தில் தேங்கிய நீரில் மடையான் ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. வேப்பமரம் நனைந்து கறுத்திருந்தது. எங்களில் ஒருவர்கூடத் தலையைத் திருப்பி அதைப் பார்க்கவில்லை.

நாங்கள் என்ன வரைந்தோம் தெரியுமா? முக்கோண வடிவில் மூன்று மலைகள். அவற்றின் உச்சியில் வெள்ளைப் பனி. ஊசியிலை மரங்கள். புகைபோக்கி வைத்த சிறு வீடு. வீட்டின் முன் வெள்ளைத் தரை. சிலர் பனி மனிதனையும் நிறுத்தி, அவனுக்குக் கழுத்துத் துணியும் சுற்றிவிட்டார்கள். படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டியபோது, முக்கால்வாசிப் படங்கள் ஒரே கையால் வரையப்பட்டவை போல் இருந்தன. முதற்பரிசும் இரண்டாம் பரிசும் பனிமலைக்கே கிடைத்தன. பரிசு பெற்றவர்கள் எங்கள் வகுப்பினரே. எனவே பரிசு கிடைக்காத மனக்குறையால் இதை எழுதுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். உண்மையில், பரிசு பெற்ற வெட்கத்தால்தான் எழுதுகிறோம்.

அந்த வரிசையின் கடைசியில் ஒரு படம் இருந்தது. அதில் மலை இல்லை, வெள்ளைத் தரையும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு தோப்பு. முன்னால் ஐந்தாறு உயர்ந்த தென்னைகள், அவற்றுக்கிடையே வெற்றிடங்கள், வெற்றிடங்களில் கொஞ்சம் வளர்ந்த இளங்கன்றுகள். பின்னால் இருந்தவை எல்லாம் மங்கி, மங்கி, கடைசியில் தாளோடு தாளாக மறைந்துவிட்டன. அதன் பின்புறத்தில், 'தலைப்புக்குப் பொருந்தவில்லை' என்று பென்சிலால் எழுதியிருந்தது. வரைந்தவள் எங்கள் தோழி. "இது எங்கள் தோப்பு. காலை ஆறரை மணிக்கு இப்படித்தான் இருக்கும். அது பனி இல்லாமல் வேறு என்ன?" என்று கேட்டாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

பனி என்பது யாருடைய சொல்? நம் சொல் அன்றோ! பழந்தமிழர் ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தனர் என்பதைத் தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. பிறகு இளவேனில், முதுவேனில். இரவின் முற்பகுதியில் பனி விழுவது முன்பனி. இரவின் பிற்பகுதியில், விடியலை ஒட்டி விழுவது பின்பனி. பனி எந்நேரத்தில் விழுகிறது என்று பார்த்து, அதை வைத்தே இரண்டு பருவங்களுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்றால், அவர்கள் எவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்க வேண்டும்! பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் கூதிர்காலமும் அப்படிப்பட்டதே. குளிரில் நடுங்கித் தீக்காயும் ஆயர்களும், மேய்ச்சலை மறந்த விலங்குகளும் அதில் வருகின்றனர். புலவர்கள் சொல்லால் தீட்டிய குளிர் இந்த மண்ணின் குளிரே. நாமோ அவர்களுடைய சொல்லை வைத்துக்கொண்டு, அதற்கு நாம் கண்டறியாத ஓர் ஊரின் படத்தை ஒட்டிவிட்டோம். நம் நாக்கில் இருக்கும் பனி வேறு. நம் தூரிகையில் இருக்கும் பனி வேறு.

அந்த வெண்பனி நம் தாளுக்கு எப்படி வந்தது என்று யோசித்தோம். நாட்காட்டிகளிலிருந்து வந்தது, பிஸ்கட் டப்பாக்களிலிருந்து வந்தது, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளிலிருந்து வந்தது. இப்போது கைப்பேசியில் வரும் வாழ்த்துகளிலும் அதே வீடு, அதே மரம். நாமும் ஆண்டுதோறும் குடிலின் கூரையில் பஞ்சை ஒட்டிப் பனியாக்குகிறோம். வட ஐரோப்பாவில் டிசம்பர் மாதம் பனிக்காலம்; அங்குள்ளவர்கள் தங்கள் சன்னலுக்கு வெளியே கண்டதை அட்டையில் வரைந்தார்கள். அதில் தவறே இல்லை. ஆனால் நம் ஆண்டவர் பிறந்த பெத்லகேம் எப்படிப்பட்ட ஊர்? யூதேயா மலைப்பகுதியில், கடல் மட்டத்திற்கு 750 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலந்தான் மழைக்காலம். கோடையில் காய்ந்து பழுப்பாகக் கிடந்த குன்றுகள், அந்த மழைக்குப் பிறகு பசுமையாகின்றன. வெண்பனி சில ஆண்டுகளில் சில நாள்கள் மட்டுமே விழும். மழை பெய்து, புல் முளைத்து, இரவில் குளிர்ந்து, இடையர்கள் போர்த்திக்கொண்டு விழித்திருக்கும் ஒரு டிசம்பர்! இது நம் ஊர் மார்கழிக்கு அந்நியமானதா என்ன? நம் வயல்வெளியை வரைந்து அதில் ஒரு குடிலை வைத்தால் தலைப்புக்குப் பொருந்தாமற் போய்விடுமா?

"கற்பனை செய்வது கலைஞரின் உரிமையல்லவா? காணாததை வரையக் கூடாதா?" என்று சிலர் எங்களைக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண நூலகத்தில் ஓவிய நூல்களைப் புரட்டினோம். பீட்டர் புரூகல் என்னும் ஓவியர் 1565ஆம் ஆண்டு வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்' உலகப் புகழ் பெற்ற குளிர்கால ஓவியம். இன்று வியன்னா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று வேட்டைக்காரர்கள் சோர்ந்த நாய்களுடன் திரும்புகிறார்கள்; கீழே உறைந்த குளத்தில் மக்கள் சறுக்கி விளையாடுகிறார்கள்; தொலைவில் செங்குத்தான பாறை மலைகள். இதில் வியப்பு என்னவென்றால், புரூகல் வாழ்ந்த பிளாண்டர்ஸ் நாடு நம் தஞ்சைத் தரை போலத் தட்டையானது. அங்கே அத்தகைய மலைகள் கிடையா. அவர் இளமையில் இத்தாலிக்குப் பயணம் செய்தபோது ஆல்ப்ஸ் மலைகளைக் கண்டவர். கண்ட மலையையும் வாழ்ந்த கிராமத்தையும் ஒரே பலகையில் இணைத்தார். அதுதான் கற்பனை! கண்டதையும் கண்டதையும் சேர்த்துக் காணாத ஒன்றைப் படைப்பது கற்பனை. நாங்கள் செய்தது என்ன? ஒருவர் பார்த்து வரைந்த படத்தைப் பார்த்து வரைந்த படத்தைப் பார்த்து வரைந்தோம். அதற்குக் கற்பனை என்ற பெரிய பெயர் எதற்கு? 'காப்பி' என்றே சொல்லிவிடலாம். கணக்குத் தேர்வில் செய்தால் தண்டனை, ஓவியத்தில் செய்தால் பரிசு!

இன்னொரு சான்றும் கிடைத்தது. நாங்கள் அனைவரும் வெண்பனியின் மீது விழும் நிழலைக் கறுப்பிலும் சாம்பலிலும் தீட்டியிருந்தோம். ஆனால் பிரெஞ்சு ஓவியர் கிளாடு மோனே 1868-69இல் வரைந்த பனிக் காட்சியில், வேலியின் நிழல் நீலமாக இருக்கிறது. வெயிலுள்ள நாளில் பனியின் மேல் விழும் நிழலில் வானத்தின் நீலமே படியும். நேரில் நின்று பார்த்தவருக்கு அது தெரிந்தது. பார்க்காத எங்களுக்குத் தெரியவில்லை. பொய் எப்போதும் நிழலில்தான் அகப்பட்டுக்கொள்ளும் போலும்.

அதே மோனே 1890ஆம் ஆண்டு கோடை முடியும் நேரத்தில், தாம் வாழ்ந்த ஜிவெர்னி கிராமத்தில், வீட்டுக்கு அருகே இருந்த வயலின் கதிர்ப்போர்களை வரையத் தொடங்கினார். இலையுதிர்காலம் வந்தது, வரைந்தார். உறைபனி படர்ந்தது, வரைந்தார். வெண்பனி மூடியது, அப்போதும் அதே போர்களையே வரைந்தார். ஒளி மாறியவுடன் ஒரு துணியை வைத்துவிட்டு வேறொரு துணியை எடுப்பாராம். இப்படி ஏறத்தாழ 25 ஓவியங்கள். 1891 மே மாதம் அவற்றில் 15 ஓவியங்களைப் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். அவர் பனிமலையைத் தேடிப் போகவில்லை. கொல்லைப்புறத்து வயலுக்குத்தான் போனார். வைக்கோற்போர் நம் ஊரில் இல்லாத பொருளா? ஆனால் அது வரையத் தகுந்தது என்று நம்மிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை, நாமும் நினைக்கவில்லை.

"நம் ஊரில் பருவமே மாறுவதில்லையே! வெயில், மழை, மீண்டும் வெயில், அவ்வளவுதானே?" என்பார் சிலர். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கி தை மாதம் வரை, விடுதித் தோழியர் மாடியிலிருந்தும், மற்றவர்கள் வீட்டு வாசலிலிருந்தும் வாரம் ஒரு படம் வரைந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். அதன்பின் அப்படிச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

முதலில் எங்களைத் தோற்கடித்தது பச்சை. பெட்டியில் இருந்த பச்சையை அப்படியே பூசினால் வயல் பிளாஸ்டிக் போலத் தெரிந்தது. பிறகுதான் உற்றுப் பார்த்தோம். ஐப்பசியில் சம்பாப் பயிர் மஞ்சள் கலந்த இளம்பச்சை. கார்த்திகை மழையில் அது கரும்பச்சை. மார்கழியில் கதிர் வெளிவரும்போது பச்சையின் மேல் ஒரு வெளுப்பு. கதிர் முற்றித் தலை சாயும்போது பொன்னிறம் அடியிலிருந்தல்ல, நுனியிலிருந்து இறங்குகிறது. தையில் அறுத்தபின் தாளடியின் பழுப்பு. நான்கு மாதங்களில் ஒரே வயல் ஐந்து ஆடை மாற்றுகிறது. மேல்நாட்டு மரங்கள் இலையின் நிறம் மாற்றுவதைப் படமாக வரைந்து மகிழ்ந்த நாம், நமக்குச் சோறு போடும் பயிர் நிறம் மாறுவதைக் கண்டோமில்லை.

அடுத்தது நிழல். டிசம்பர் 22ஆம் நாளையொட்டிச் சூரியன் தெற்கே மிகவும் சாய்ந்திருக்கும். நம் பகுதியில் அந்த நாள்களில் நண்பகலிலேயே ஒரு மீட்டர் கோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு நிழல் வடக்கே நீள்கிறது. ஏப்ரல் நடுவில் அதே கோலின் நிழல் நண்பகலில் அடியிலேயே ஒடுங்கிவிடும். புவியியலில் படித்ததைத் தாளில் வரையும்போதுதான் உண்மை என்று நம்பினோம். நீண்ட நிழல் இருந்தால் வரப்பும், பாத்தியும், மாட்டு வண்டித் தடமும்கூட எழுந்து நின்று தம்மைக் காட்டுகின்றன. காலையிலும் மாலையிலும் மட்டுமே கோடையில் கிடைக்கும் அழகு, மார்கழியில் நாள் முழுதும் கிடைக்கிறது.

மூன்றாவது பனி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. மழையில் நனைந்த மண்ணிலும் நீர் நிற்கும் வயலிலும் ஈரத்துக்குக் குறைவில்லை. அந்த ஈரக்காற்று குளிர்ந்து, தரையை ஒட்டி மூடுபனியாகிறது. ஆகவே மரத்தின் தலை தெரியும், கால் தெரியாது! முதல் நாள் இதை வரைய முயன்றபோது தாள் காயவே இல்லை. மழைக்காலக் காற்றில் ஈரம் மிகுதியல்லவா? ஒரு வண்ணம் மற்றொன்றில் ஊறிப் படம் பாழாயிற்று என்று ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். எங்கள் ஓவிய ஆசிரியை அதைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். "நீ பனியை வரையவில்லை, பனியே வந்து வரைந்துவிட்டுப் போயிருக்கிறது" என்றார்கள். பிறகுதான் அந்த வித்தையைச் சொல்லித் தந்தார்கள்: தாளை நனைத்துக்கொண்டு, தொலைவிலுள்ளதை மிக நீர்த்த வண்ணத்தில் முதலில் போட வேண்டும், அருகிலுள்ளதைத் தாள் காய்ந்தபின் அழுத்தமாகப் போட வேண்டும். சாம்பல் நிறத்துக்குக் கறுப்பைத் தொடக் கூடாது. நீலமும் செம்பழுப்பும் கலந்தால் உயிருள்ள சாம்பல் பிறக்கும். வெள்ளைக்கு வெள்ளை பூச வேண்டாம். தாளை அப்படியே விட்டுவிட்டால் போதும். 'தலைப்புக்குப் பொருந்தாத' அந்தப் படத்தில் எங்கள் தோழி இதையெல்லாம் யாரும் சொல்லாமலே செய்திருந்தாள்.

நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. அந்த மழையை ஒட்டியே நம் குளிர்காலம் அமைகிறது. கோடியக்கரைக்குப் பூநாரைகள் வருவதும் இந்தப் பருவத்தில்தான். நம் வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் வாலாட்டிக் குருவியும் குளிருக்கு அஞ்சி வடக்கேயிருந்து நம்மை நாடி வந்த விருந்தாளியே. வெண்பனிக்குத் தப்பி அந்தப் பறவைகள் இங்கே வருகின்றன. நாமோ அவற்றைப் பார்க்காமல், அவை விட்டுவந்த வெண்பனியை வரைந்துகொண்டிருக்கிறோம்!

இதுவரை சொன்னவை அழகைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவது அழகைவிடப் பெரியது. ஒருநாள் எங்கள் தோழியின் தோப்புக்கே போய் வரைந்தோம். "இந்தத் தென்னைகளுக்கிடையே ஏன் இவ்வளவு வெற்றிடம்?" என்று கேட்டோம். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியலுக்கு முன் கரை கடந்த கஜா புயல் நம் கடைமடைப் பகுதியின் தோப்புகளைச் சாய்த்ததை நாம் அறிவோம். அந்தத் தோப்பிலும் ஒரே இரவில் பெரும்பாலான மரங்கள் விழுந்துவிட்டன. நாங்கள் அப்போது சின்னஞ்சிறு வகுப்பில் இருந்தோம். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகளாவது ஆகும். கன்றுகள் இப்போதுதான் தலையெடுக்கின்றன.

"அப்பா பழைய தோப்பைப் பற்றி அடிக்கடிச் சொல்வார். வெயில் தரையில் விழாதாம். எனக்கு அது நினைவில் இல்லை. வீட்டில் ஒரு படமும் இல்லை. அத்தை கல்யாணப் போட்டோவில் எல்லோருக்கும் பின்னால் மங்கலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதனால்தான் இப்போது இருப்பதையாவது வரைந்து வைக்கிறேன்" என்றாள் எங்கள் தோழி.

அதன்பின் நாங்கள் வெகுநேரம் பேசவில்லை. அழகான ஒன்று அழியும்போது பெரியவர்கள் வருந்துகிறார்கள், ஏனெனில் அவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். பார்க்காதவர்களுக்கு வருத்தமும் இருக்காது. நாம் வளர்ந்து பெரியவர்களாகும்போது ஒரு குளம் தூர்ந்துபோகலாம், ஒரு வயல் மனையாகலாம். அப்போது, 'இங்கே என்ன இருந்தது?' என்று நம் பிள்ளைகள் கேட்டால், ஒருபோதும் போயிராத ஊரின் பனிமலையைத்தான் எடுத்துக் காட்டுவோமா? கைப்பேசியில் ஆயிரம் புகைப்படம் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கிறோம், அவற்றில் எல்லாம் நாமே முன்னால் நிற்கிறோம். தோப்பு பின்னால் மங்கலாகத்தான் இருக்கிறது. ஒரு மரத்தை வரைய வேண்டுமானால் முக்கால் மணி நேரம் அதன் எதிரே உட்கார வேண்டும். முக்கால் மணி நேரம் பார்த்த மரத்தை மனம் எளிதில் விட்டுவிடாது.

"பத்தாம் வகுப்பு மாணவியருக்கு ஓவியம் எதற்கு? பொதுத்தேர்வு இருக்கிறதே!" என்ற குரலும் எங்கள் காதில் விழாமல் இல்லை. எங்கள் ஓவியப் பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் தாரை வார்க்கப்படுவதை நாங்கள் அறிவோம். மதிப்பெண் தேவைதான், எங்கள் பெற்றோரின் உழைப்பை நாங்கள் மறக்கவில்லை. ஆயினும் வாரத்தில் ஒரு பாடவேளை, ஐப்பசி முதல் தை வரை நான்கு மாதங்களுக்கு மட்டும் கேட்கிறோம். அந்த நிழலில் கணக்கும் இருக்கிறது; அந்த மூடுபனியில் அறிவியலும் இருக்கிறது; அந்த முன்பனியில் தமிழும் இருக்கிறது.

ஆகவே, எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு 'பனிக்காலக் காட்சி' என்ற தலைப்பையே மீண்டும் கொடுங்கள். ஆனால் எங்களை வகுப்பறைக்குள் உட்கார வைக்காமல் மைதானத்து வேப்பமரத்தின் எதிரே உட்கார வையுங்கள். வாரந்தோறும் ஒரே இடத்தை வரைந்து, நாளும் நேரமும் குறித்து, அந்தப் படங்களை நூலகத்தில் ஒரு கட்டாகச் சேர்த்து வையுங்கள். நன்றாக இல்லாத படங்களையும் வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து இப்பள்ளியில் படிக்கும் தங்கைகள் அதைப் பிரித்துப் பார்க்கட்டும். எது மாறியது, எது மாறவில்லை என்று அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

அன்புத் தோழியரே! பனிமலையை வரைய வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. என்றேனும் இமயத்துக்கோ ஆல்ப்ஸுக்கோ போகும் வாய்ப்புக் கிடைத்தால், அங்கே நின்று, அதன் நீல நிழலைப் பார்த்து, ஆசை தீர வரையுங்கள். அதுவரை நம் வாசலுக்கு வரும் பனியைக் காக்க வைக்க வேண்டாம். அது ஒவ்வொரு மார்கழியிலும் விடியலுக்கு முன்பே வந்து, புல்லின் நுனியில் உட்கார்ந்து, நாம் எழுந்து வரும்வரை காத்திருந்து, வெயில் ஏறியதும் ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறது. இத்தனை ஆண்டுகளாக நாம் அதைப் பார்க்கவில்லை என்று அது கோபித்துக்கொள்ளவும் இல்லை.

பரிசு பெற்ற அந்தப் பனிமலை எங்கள் வகுப்புச் சுவரில் இன்னும் தொங்குகிறது. அதன் அருகே, எங்கள் தோழியின் அனுமதியோடு, அவளுடைய தோப்பையும் மாட்டியிருக்கிறோம். வகுப்புக்கு வருகிறவர்கள் பனிமலையைப் பார்த்து, "அழகாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். தோப்பின் முன் மட்டும் சற்று நின்று, "இது எந்த இடம்?" என்று கேட்கிறார்கள்.